தமிழ்ப் பிள்ளையை இங்கிலீஷ் டெஸ்ட்டால் அளக்கும் முன்: புது ஸ்பீச் தெரபிஸ்ட்டுகளுக்கு ஒரு வழிகாட்டி

படிப்பை முடித்து கிளினிக்கில் உட்கார்ந்த முதல் மாதத்திலேயே இந்தக் கேஸ் வந்துவிடும். நாலு வயசுப் பையன், எல்.கே.ஜி. வீட்டில் தமிழ், ஸ்கூலில் இங்கிலீஷ், மாடியில் குடியிருப்பவர்களோடு இந்தி. "கிளாஸ்ல வாயே திறக்க மாட்டேங்கிறானாம், டெஸ்ட் பண்ணிட்டு வாங்கன்னு மிஸ் சொல்றாங்க" என்பார் அம்மா. உங்கள் அலமாரியில் இருப்பதோ அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ உருவான டெஸ்ட். படங்களைக் காட்டி, மதிப்பெண் போட்டு, ரிப்போர்ட் எழுத ஒரு மணி நேரம் போதும். அந்த ரிப்போர்ட்டை வைத்துப் பள்ளி எடுக்கும் முடிவு அந்தப் பிள்ளையைப் பல வருஷம் துரத்தும்.

கலிபோர்னியாவில் அப்படித்தான் நடந்தது. வீட்டில் ஸ்பானிஷ் பேசிய ஒன்பது குழந்தைகளுக்கு இங்கிலீஷில் அறிவுத்திறன் சோதனை வைத்து, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான வகுப்பில் போட்டார்கள். அவர்கள் மொழியில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலானவர்கள் அந்த வகுப்புக்கான மதிப்பெண் வரம்பைத் தாண்டிவிட்டார்கள். 'டயானா எதிர் மாநிலக் கல்வி வாரியம்' என்ற அந்த வழக்கு 1970இல் சமரசத்தில் முடிந்தது. குழந்தையை அதன் வீட்டு மொழியில் சோதிக்க வேண்டும் என்பது அதிலிருந்துதான் அங்கே நடைமுறைக்கு வந்தது. நம் ஊரில் அப்படி ஒரு வழக்கு வருமென்று காத்திருக்கத் தேவையில்லை. பையனின் பேச்சில் இருப்பது வித்தியாசமா, குறைபாடா என்று பிரித்துப் பார்ப்பது நம் கையில் இருக்கிறது.

முதலில் காது

எந்த மொழியானாலும், எந்த நாடானாலும் இதுதான் முதல் வேலை. சளி பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் கட்டிய பிள்ளை, இரைச்சலான வகுப்பில் மிஸ் சொல்வதைப் பாதிதான் கேட்கும். "டிவி போட்டா ஓடி வர்றான், காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது" என்று வீட்டில் சொல்வதை மட்டும் நம்பி இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆடியாலஜிஸ்ட் ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு மற்றவை.

வீட்டில் யார், எந்த மொழியில், எவ்வளவு நேரம்

"தாய்மொழி என்ன?" என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் வந்து முடிந்துவிடும். அதற்குப் பதிலாக, பிள்ளை காலையில் கண் விழித்ததிலிருந்து ராத்திரி தூங்குவது வரை யார் யார் என்ன மொழியில் பேசுகிறார்கள் என்று மணிக்கணக்காகக் கேளுங்கள். மதுரையில் வீட்டுக்குள் சௌராஷ்டிரம் இருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் உருது இருக்கும். கோவில்பட்டி வட்டாரத்தில் தெலுங்கு. இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழே இரண்டாம் மொழியாக இருக்கலாம்; இங்கிலீஷ் மூன்றாவது. போனில் ஓடும் கார்ட்டூனைத் தனியாகக் குறியுங்கள். அதில் குழந்தை கேட்கிறது, பதில் பேசுவதில்லை.

இங்கிலீஷ் எப்போது தொடங்கியது என்பதும் முக்கியம். ஜூனில் எல்.கே.ஜி. சேர்ந்த பிள்ளை செப்டம்பரில் வகுப்பில் வாய் திறக்கவில்லை என்றால், புது மொழியைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கலாம். பல நாடுகளில் பதிவான இயல்பான கட்டம் இது. வீட்டில் தமிழில் வாய் ஓயாமல் பேசுகிறதா என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தமிழிலும் பேச்சு குறைவு, பாட்டி சொல்வதும் புரிவதில்லை என்றால்தான் கவலை. உண்மையான மொழிக் குறைபாடு பிள்ளை பேசும் எல்லா மொழியிலும் தெரியும். ஒரு மொழியில் மட்டும் ஒளிந்துகொள்ளாது.

இதே உட்காரலில் வீட்டின் நம்பிக்கைகளும் வெளியே வரும். "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்", "அவங்க அப்பாவே அஞ்சு வயசுலதான் பேசுனாரு", "நாக்கு ஒட்டியிருக்கு, வெட்டிவிட்டா சரியாயிடும்", "வசம்பு சுட்டுத் தடவினோம்". எதற்கும் முகம் சுளிக்காதீர்கள். அப்பா தாமதமாகப் பேசினார் என்பது குடும்ப வரலாறு. அதை ஃபைலில் எழுத வேண்டும். நாக்கடி சவ்வைப் பார்த்துச் சொல்லுங்கள். அது சில ஒலிகளைத் தடுக்கலாமே தவிர, பிள்ளை மொழி கற்பதைத் தடுக்காது. கைக்குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கும் வீடாக இருந்தால் மட்டும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு வயதுக்குக் கீழே தேன் ஆபத்து. பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம்.

பிள்ளைக்கு முன்னால் பெரியவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் படி இது. என் கணக்கில் மிக முக்கியமானதும் இதுதான்.

வடசென்னைப் பிள்ளை ஒன்று படத்தைப் பார்த்து "வாயப்பயம்" என்கிறது. டெஸ்ட் தாளில் வாழைப்பழத்துக்கு நேரே ழகரப் பிழை, இரண்டு தடவை, என்று எழுதக் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். கூட வந்த பாட்டியிடம் அதே படத்தைக் காட்டுங்கள். அவரும் "வாயப்பயம்" என்பார். பிள்ளை தன் வீட்டுத் தமிழைப் பிசகில்லாமல் கற்றிருக்கிறது என்று அர்த்தம். மதுரைக்குத் தெற்கே போனால் அது "வாளப்பளம்". அதுவும் சரியே. ஆனால் பாட்டி ழகரத்தைத் தெளிவாகச் சொல்லும் வீட்டில், ஏழு வயதுப் பிள்ளை "வாயப்பயம்" என்றால் அது வேறு கேஸ். பிள்ளையின் ஒலியை ஒப்பிட வேண்டியது அந்த வீட்டின் பேச்சோடு. எழுத்துத் தமிழோடு இல்லை, உங்கள் தமிழோடும் இல்லை.

இப்படி இன்னும் உண்டு. பேச்சில் 'மரம்' என்ற சொல்லின் கடைசி ம் உதடு மூடாமல் மூக்கொலியாகவே முடியும். 'அவன்' என்பதிலும் அப்படியே. இங்கிலீஷ் டெஸ்ட்டில் பழகிய காது இதைக் 'கடைசி மெய் விடுபட்டது' என்று குறிக்கும். தமிழ்நாட்டுப் பேச்சில் பெரும்பாலோர் அப்படித்தான் பேசுகிறோம். 'சோறு', 'சட்டி' இவற்றின் முதல் ஒலி ஒரு வீட்டில் ஸகரமாகவும் இன்னொரு வீட்டில் 'பச்சை'யில் வரும் அழுத்தமான சகரமாகவும் வரும். 'பஸ்ஸு', 'புக்கு' என்று கடைசியில் உகரம் சேர்ப்பதும், 'இஸ்கூல்' என்று முன்னால் இகரம் சேர்ப்பதும் தமிழின் ஒலி ஒழுங்கு இங்கிலீஷுக்குள் போவதால் வருவது. அவை உச்சரிப்புச் சாயல்தான். அமெரிக்கப் பேச்சு மொழிச் சங்கமான ஆஷாவே தங்கள் நாட்டு வட்டார இங்கிலீஷ் எதுவும் குறைபாடு இல்லை என்று 1983இல் எழுதிவைத்திருக்கிறது.

டொராண்டோவிலோ லண்டனிலோ யாழ்ப்பாணத்துப் பிள்ளையைப் பார்ப்பவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். "என்ன பண்றாங்க?" என்று தமிழ்நாட்டுக் கேள்வி கேட்டால் பிள்ளை விழிக்கலாம்; "என்ன செய்யினம்?" என்றால் உடனே பதில் வரும். ஆரஞ்சைத் தோடம்பழம் என்றும், ஷூவைச் சப்பாத்து என்றும் சொன்னால் முழு மதிப்பெண் கொடுங்கள்.

ஒலிகளைச் சோதிக்கும்போது

இங்கிலீஷ் டெஸ்ட்டை மொழிபெயர்த்தால் ஏன் உதவாது என்பது இங்கேதான் பளிச்சென்று தெரியும். தமிழில் பொருளையே மாற்றும் வேறுபாடுகள் அதில் இல்லவே இல்லை: படு–பாடு என்ற குறில் நெடில், புளி–புள்ளி என்ற ஒற்று இரட்டிப்பு, பல்லில் தொடும் த, நாக்கு மடியும் ட. இவற்றை நீங்களே சேர்க்க வேண்டும். மறுபக்கம், 'கப்பல்', 'கம்பம்' இரண்டிலும் ஒரே ப எழுத்து. சேர்ந்து வரும் எழுத்தைப் பொறுத்து ஒலி மாறுகிறது, தமிழ்க் காதுக்கு அது உறுத்துவதில்லை. இங்கிலீஷிலோ பன்றியையும் (pig) பெரியதையும் (big) பிரிப்பது அந்த முதல் ஒலி மட்டுமே. தமிழில் எழுதினால் இரண்டும் 'பிக்'தான். தமிழை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை இங்கிலீஷில் இதைக் குழப்புவது எதிர்பார்க்க வேண்டியதே.

அப்படியானால் எதைப் பார்த்துக் கவலைப்படுவது? ஒரு உதாரணம். காக்கா படத்தைக் காட்டினால் பிள்ளை "தாத்தா" என்கிறது. தாத்தா படத்துக்கும் "தாத்தா". 'கதவு' "ததவு", 'பாக்கு' "பாத்து". பின்னாக்கில் வர வேண்டிய ககரம் எல்லா இடத்திலும் முன்னால் வந்துவிட்டது. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. இரண்டு சொற்கள் ஒன்றாகிப் பொருளே குழம்புகிறது. சின்ன வயதில் பல மொழிக் குழந்தைகளிடமும் இது இருக்கும், தானே போய்விடும். நாலு வயதைத் தாண்டியும் நின்றால் சிகிச்சை தேவை. பிள்ளை பேசும் எல்லா மொழியிலும் இந்த மாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். 'கார்' "தார்" ஆகிறதா?

வயதுக் கணக்குக்கு ஒரு நல்ல துணை இருக்கிறது. பேச்சு ஆய்வாளர்களான ஷரின் மெக்லியோடும் கேத்தரின் க்ரோவும் 2018இல் 27 மொழிகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஐந்து வயதுக்குள் பெரும்பாலான மெய்யொலிகள் பெரும்பாலான குழந்தைகளுக்கு வந்துவிடுகின்றன என்பது அவர்கள் கண்டது. மொழிக்கு மொழி எந்த ஒலி முந்தும், எது பிந்தும் என்பதில் வேறுபாடு உண்டு. அதனால் இங்கிலீஷ் அட்டவணையை அப்படியே தமிழ் ழகரத்துக்கும் றகரத்துக்கும் ஒட்டாதீர்கள்.

மெக்லியோட் குழுவே 2012இல் வெளியிட்ட இன்னொரு கருவியும் புதியவர்களுக்குக் கைகொடுக்கும்: 'இன்டெலிஜிபிலிட்டி இன் கான்டெக்ஸ்ட் ஸ்கேல்'. காசு கிடையாது, ஏழே கேள்வி. பிள்ளை பேசுவது உங்களுக்குப் புரிகிறதா, வீட்டாருக்கு, சொந்தக்காரர்களுக்கு, கூட விளையாடும் பிள்ளைகளுக்கு, தெரிந்தவர்களுக்கு, டீச்சருக்கு, முன்பின் தெரியாதவர்களுக்கு? எப்போதும் என்றால் 5, ஒருபோதும் இல்லை என்றால் 1. அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இது இருக்கிறது. பிள்ளை பேசும் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு தாள் நிரப்பச் சொல்லுங்கள். தமிழ்த் தாளில் எல்லாம் 5, இங்கிலீஷ் தாளில் எல்லாம் 2 என்று வந்தால் அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

சொல்லும் வாக்கியமும்

சொற்களை எண்ணும்போது மொழி பார்க்காமல் கருத்தை எண்ணுங்கள். நாய்க்குத் தமிழும், 'எலிஃபென்ட்'டுக்கு இங்கிலீஷும் சொன்னால் இரண்டு சொல் தெரியும் என்று கணக்கு. தமிழில் மட்டும் எண்ணினாலும் இங்கிலீஷில் மட்டும் எண்ணினாலும் பிள்ளை குறைவாகத் தெரியும்.

வாக்கிய நீளத்தைச் சொல் கணக்கில் அளப்பது தமிழுக்கு அநியாயம். "குடிச்சிட்டேன்" ஒரே சொல். யார், என்ன, எப்போது, முடிந்துவிட்டது என்பதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. விகுதி விகுதியாகப் பிரித்து எண்ணுங்கள். தமிழில் பார்க்க வேண்டியவை வேற்றுமை உருபுகளும் (அம்மாவுக்கு, அம்மாவோட, அம்மாகிட்ட) வினை முடிவுகளும் (வந்தான், வந்தா, வந்துச்சு). கேள்வியைப் பேச்சுத் தமிழிலேயே கேளுங்கள். "சிறுவன் என்ன செய்துகொண்டிருக்கிறான்?" என்று செய்தி வாசிப்பதுபோல் கேட்டால் நாலு வயதுப் பிள்ளைக்கு அது இன்னொரு அந்நிய மொழி.

கதை சொல்ல வைப்பது எனக்குப் பிடித்த வழி. பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 2012இல் உருவாக்கிய 'மெயின்' என்ற கருவியில் ஆறாறு படங்கள் கொண்ட நான்கு கதைகள் இருக்கின்றன: பூனை, நாய், பறவைக் குஞ்சுகள், ஆட்டுக்குட்டிகள். ஒரே குழந்தையை இரண்டு மொழியில் சோதிக்கவே வடிவமைத்தது. பனிமனிதனும் டோஸ்டரும் இல்லாத படங்கள் என்பது நம் பிள்ளைகளுக்கு நிம்மதி. யார், என்ன நினைத்தார்கள், என்ன செய்தார்கள், கடைசியில் என்ன ஆனது என்ற கதைக்கட்டு ஒரு மொழியில் வந்தால் மற்ற மொழியிலும் பெரும்பாலும் வரும். சொல் போதாமல் திணறினாலும் கட்டு தெரியும்.

கதை கேட்கும்போது திக்கல் பற்றியும் ஒரு எச்சரிக்கை. "அது வந்து... அது வந்து... நாய் வந்து" என்று சொற்றொடரைத் திருப்பிச் சொல்வது, இரண்டு மொழிப் பிள்ளைகள் சொல் தேடும்போது சாதாரணமாக வரும். "நா-நா-நா-நாய்", ஒலியை இழுப்பது, வாய் திறந்தும் ஒலி வராமல் அடைபடுவது, கூடவே கண்ணை இறுக்குவது: இவைதான் திக்கலின் அடையாளங்கள்.

கற்றுக்கொடுத்துப் பாருங்கள்

தமிழுக்கு நிறையத் தரவு இல்லாத இடத்தில் இந்தப் படி உங்களைக் காப்பாற்றும். அமெரிக்காவில் எலிசபெத் பென்யா போன்றவர்கள் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளிடம் வளர்த்தெடுத்த முறை. முதல் நாள் சோதியுங்கள். பிறகு ஓரிரு அமர்வில் நாலைந்து புதுச் சொல்லோ ஒரு கதைக்கட்டோ விளையாட்டாகக் கற்றுக்கொடுங்கள். மறுபடி சோதியுங்கள். வாய்ப்பே கிடைக்காமல் இருந்த பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும். மொழிக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு நீங்கள் நிறைய உழைக்க வேண்டியிருக்கும், அடுத்த வாரம் பாதி மறந்திருக்கும். மதிப்பெண்ணைவிட, எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்று எழுதிவையுங்கள். அர்த்தமில்லாத சொற்களைத் திருப்பிச் சொல்ல வைப்பதும் உதவும், 'தபுனி', 'மேலகோடு' என்று தமிழ் ஒலி ஒழுங்கில் அமைந்தவையாக இருந்தால்.

இங்கிலாந்தில் கோர்ட்னி நார்பரி குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி சேரும் வயதில் 100க்கு 7 முதல் 8 குழந்தைகளுக்கு வேறு காரணம் ஏதும் புலப்படாத மொழிக் குறைபாடு இருந்தது. நம் வகுப்பறைகளிலும் இப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். "ரெண்டு மொழி, அதான் குழப்பம்" என்று தள்ளிவிட்டால் இவர்களைத் தவறவிடுவோம். இல்லாத குறையை ஒட்டுவது எவ்வளவு தப்போ, இருக்கும் குறையைக் காணாமல் விடுவதும் அவ்வளவு தப்பு.

மொழி தெரியாவிட்டால்

பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இது தினசரிப் பிரச்சினை. மொழிபெயர்க்கப் பிள்ளையின் அக்காவை உட்கார வைக்காதீர்கள். அவள் தம்பிக்காகப் பதிலைத் திருத்திவிடுவாள். வெளியாள் ஒருவரை ஏற்பாடு செய்து, சோதனைக்கு முன் கொஞ்ச நேரம் பேசுங்கள்: பிள்ளை சொன்னதைத் திருத்தாமல் அப்படியே சொல்ல வேண்டும், குறிப்புக் கொடுக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது. முடிந்த பிறகும் உட்கார்ந்து, "பேச்சு உங்க காதுக்கு எப்படி இருந்துச்சு, அந்த வயசுப் பிள்ளை மாதிரி இருந்துச்சா?" என்று கேளுங்கள். எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்யுங்கள். உங்களுக்கு ல, ள வித்தியாசம் கேட்காவிட்டால் கேட்கும் ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள்.

வீட்டாரிடம் என்ன சொல்வது

இங்கே நான் சமரசத்துக்குத் தயாரில்லை. "வீட்ல தமிழை நிறுத்திட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்ற அறிவுரையை எந்தக் குடும்பத்துக்கும் கொடுக்காதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் மொழிக் குறைபாடு வருவதில்லை. ஏற்கெனவே இருப்பது மோசமாவதும் இல்லை. ஆட்டிஸம் உள்ள பிள்ளைகளிலும் ஆய்வுகள் இதையே காட்டியிருக்கின்றன. தனக்குச் சரளமாக வராத மொழியில் அம்மா பேச ஆரம்பித்தால் பேச்சு குறையும், கதை நிற்கும், அதட்டலும் கட்டளையும்தான் மிஞ்சும். தாத்தா பாட்டியோடு பேச்சே அற்றுப்போகும். பிள்ளைக்குத் தேவைப்படுவதோ இன்னும் நிறையப் பேச்சு.

வீட்டு வேலையையும் அந்த வீட்டுக்கேற்ற மாதிரி கொடுங்கள். தரையில் உட்கார்ந்து அம்மா அரை மணி நேரம் விளையாட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், இரண்டு ஷிப்ட் வேலை பார்க்கும் அம்மாவால் முடியாது. கீரை ஆயும்போது பாட்டி பேசலாம், குளிப்பாட்டும்போது அப்பா பேசலாம். ககரம் பழக வேண்டிய பிள்ளைக்குக் 'காக்கா கா கா' என்று கூப்பிட்டுச் சோறு வைக்கும் வீட்டைவிட நல்ல பயிற்சிக்கூடம் கிடையாது.

ரிப்போர்ட்டில்

டெஸ்ட் உருவான நாட்டுக் குழந்தைகளை வைத்து வகுத்த சராசரியோடு இந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணை ஒப்பிட்டு எண் எழுதாதீர்கள். என்ன படம், எந்த மொழியில் கேட்டோம், என்ன சொன்னது, எவ்வளவு உதவி கொடுத்தோம் என்று விவரமாக எழுதுங்கள். டெஸ்ட்டை மாற்றிப் பயன்படுத்தியிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். முடிவுரையின் ஒரு பக்கத்தைப் பெற்றோர் வாசிக்கும் தமிழில் கொடுங்கள்.

ஆய்வு செய்ய விரும்பினால், வெளிநாடு போக நினைத்தால்

இந்தியாவில் சிகிச்சை செய்ய, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஆர்.சி.ஐ. என்ற மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துச் சங்கங்கள் தங்களுக்குள் தகுதியை அங்கீகரிக்க ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. இந்தியா அதில் இல்லை. போகும் நாட்டில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். படிக்கும் காலத்திலேயே கிளினிக் மணி நேரத்துக்குக் கையொப்பத்தோடு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே உள்ள ஒரு டெஸ்ட்டைத் தமிழுக்கேற்ப மாற்றி உருவாக்க நினைப்பவர்கள் முதலில் அதன் பதிப்புரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி கேளுங்கள். பிறகு மொழிபெயர்ப்பு, வேறொருவர் திரும்ப மொழிபெயர்த்துச் சரிபார்ப்பது, பெற்றோரை உட்கார வைத்து ஒவ்வொரு கேள்வியும் எப்படிப் புரிந்தது என்று கேட்பது, சிறு அளவில் சோதித்துப் பார்ப்பது. படங்களை நம் பிள்ளைகள் அன்றாடம் பார்ப்பவற்றிலிருந்து எடுங்கள்: சொம்பு, முறம், ஆட்டோ, கேஸ் சிலிண்டர். சென்னைத் தனியார் பள்ளி ஒன்றில் நூறு குழந்தைகளிடம் எடுத்த எண்ணைத் 'தமிழ்க் குழந்தைகளின் சராசரி' என்று பெயரிடாதீர்கள். திருநெல்வேலி, கோவை, யாழ்ப்பாணம், மலையகம் என்று ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும், அரசுப் பள்ளியிலிருந்தும் அங்கன்வாடியிலிருந்தும் பிள்ளைகள் இருக்க வேண்டும். ஒவ்வொரு பதிவோடும் வீட்டில் ஒரு பெரியவர் அதே படங்களுக்குச் சொன்ன பெயர்களையும் சேர்த்து வையுங்கள். உங்களுக்குப் பின் வருபவர் அந்த வட்டாரப் பிள்ளையைச் சோதிக்கும்போது ஒப்பிட அதுதான் வேண்டும்.